மழைக்கோடு ஏன் மங்குகிறது?

சிங்கப்பூர் மழையை வரைந்தால் வளைகோடு வராது. தேக்காவில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், திடீரென்று கொட்டும், சிராங்கூன் சாலையின் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கி நின்று தலை துவட்டுவதற்குள் ஓய்ந்தும் விடும். அரசின் திறந்த தரவுத் தளத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மழை அளவு கிடைக்கிறது. அதைப் படிக்கட்டுக் கோடாக வரைந்து பாருங்கள்: நிமிர்ந்த கோடும் படுத்த கோடும்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட கோடுகளிடம்தான் ஆன்டி-ஏலியாசிங் திணறுகிறது. பிக்சலின் எவ்வளவு பங்கைக் கோடு மூடுகிறதோ அவ்வளவு சாயம் மட்டும் பூசுவது அதன் வேலை. சாய்ந்த கோட்டின் பல்வரிசை அதனால் மறைகிறது. ஆனால் ஒரு பிக்சல் அகலமுள்ள கறுப்பு நிமிர்கோடு இரண்டு பிக்சல்களின் எல்லையில் போய் நின்றால், இரண்டும் பாதிக் கறுப்பாகும். கூரான கோடு சாம்பல் பட்டையாகிவிடும். மழைப் படத்தில் இதை அழகுக் குறை என்று மட்டும் விட முடியாது. தூண்போல நிமிரும் ஒரு கோடு கறுத்தும் பக்கத்துத் தூண் வெளுத்தும் இருந்தால், பார்ப்பவர் வெளுத்ததைத் தூறல் என்று நினைப்பார்.

நான் பயன்படுத்துவது ஜான் ஹன்டர் உருவாக்கி 2003இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் வரைபட நிரலகம். இந்தச் சிக்கலுக்கு அதிலேயே ‘ஸ்னாப்’ என்ற வசதி உண்டு. கோட்டின் அகலம் ஒற்றைப்படைப் பிக்சல் என்றால் பிக்சலின் நடுவிலும், இரட்டைப்படை என்றால் எல்லையிலும் கோட்டை நகர்த்தி உட்கார வைக்கும். எல்லாத் துண்டுகளும் நிமிர்ந்தோ படுத்தோ இருந்தால், நாம் கேட்காமலேயே செய்துவிடும். ஆனால் உள்ளே ஒரு வரம்பு ஒளிந்திருக்கிறது: கோட்டில் 1024 முனைகளுக்கு மேல் இருந்தால் இந்தத் தானியங்கி ஒதுங்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு 288 அளவுகள். படிக்கட்டாக்கினால் 575 முனைகள். படம் பளிச்சென்று இருக்கும். இரண்டு நாளைச் சேர்த்தால் 1151 முனைகள். அதே நிரல், அதே நிறம், தூண்கள் மட்டும் மங்கிவிடும். காரணம் தெரியாதவர் மானிட்டரைச் சந்தேகித்து, கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் கோட்டுக்கு மட்டும் ஸ்னாப்பை ‘ட்ரூ’ என்று நாமே சொல்லிவிட்டால் போதும், வரம்பு குறுக்கே வராது.

வெப்பநிலைக் கோட்டுக்கு இதைச் செய்யாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக மெல்ல ஏறி இறங்கும் கோட்டின் ஒவ்வொரு முனையையும் பிக்சலுக்கு இழுத்தால், இல்லாத நடுக்கம் தோன்றும். சாய்கோடுகளை ஆன்டி-ஏலியாசிங்கிடமே விட்டுவிடுங்கள்.

இடம் சரியானாலும் அகலம் காலை வாரும். மேட்பிளாட்லிப் அகலத்தைப் பாயின்டில் கேட்கிறது. ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். இயல்பான 1.5 பாயின்ட் கோடு, இயல்பான 100 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 100 பிக்சலில், 2.08 பிக்சல். அந்த உதிரி 0.08தான் ஓரங்களில் கசியும். டிபிஐயை 96 ஆக்கினால் அதே கோடு சரியாக 2 பிக்சல். அச்சுச் சட்டத்தின் 0.8 பாயின்டையும் 0.75 ஆக்கினால் அது சரியாக 1 பிக்சல். ஆன்டி-ஏலியாசிங்கை அடியோடு அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாய்கோடுகள் எல்லாம் ரம்பமாகிவிடும்.

இவ்வளவும் செய்த படத்தை 125 சதவீதத் திரை அளவில் காட்டினால் எல்லாம் வீண். எந்தத் திரையில் தொங்கப்போகிறதோ அதன் பிக்சல் கணக்குக்கே படத்தைச் செய்யுங்கள். காகிதத்தில் அச்சிடப் பிடிஎஃப் போதும். அங்கே பிக்சலைத் தீர்மானிப்பது அச்சுப்பொறி. ஆனால் மழைமானி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை வைத்து, மழை அளவை நிறத்தால் காட்டும் வெப்பப்படம் (ஹீட்மேப்) போட்டால், பிடிஎஃபில் கட்டங்களுக்கு இடையே வெள்ளை மயிரிழைகள் தெரியலாம். பிடிஎஃபைக் காட்டும் மென்பொருள் அண்டைக் கட்டங்களின் ஓரங்களைத் தனித்தனியே மழுப்புவதால் வரும் கோளாறு அது. அந்தப் பகுதியை மட்டும் ராஸ்டராக்கினால், அதாவது பிக்சல் படமாக மாற்றினால், போய்விடும்.

சோதிக்க, பிஎன்ஜி கோப்பை மழுப்பாமல் பெரிதாக்கும் மென்பொருளில் 800 சதவீதத்துக்குத் திறந்து பாருங்கள். ஒரு பிக்சல் என்று கணக்குப் போட்ட கோடு இரண்டு சாம்பல் வரிசையாகத் தெரிந்தால் இடம் தவறு. நடுவில் கறுப்பும் ஓரங்களில் மெல்லிய சாயமும் என்றால் அகலம் தவறு.