கழிமுகத்தின் நாடி பார்க்கும் மிதவை

ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் நன்னீரும் உப்புநீரும் உடனே ஒன்றாகக் கலந்துவிடும் என்றுதான் நாம் எண்ணுவோம். பல கழிமுகங்களில் உண்மை அதுவன்று. ஒரு லிட்டர் நன்னீரின் நிறை சுமார் 1,000 கிராம்; கடல்நீரின் நிறை சுமார் 1,025 கிராம். ஆகவே இலேசான ஆற்றுநீர் மேலே பரவ, கனமான கடல்நீர் அதன் அடியில் நுழைகிறது. இந்தச் சிறு வேறுபாடு மீன், நண்டு ஆகியவற்றின் உயிருக்கே உலை வைக்கக்கூடும். எப்படி?

காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மேலடுக்கில் கரைகிறது. கீழடுக்கை எளிதில் எட்டுவதில்லை. மடிந்த பாசிகளோ அடியில் படிந்து அழுகி, அங்கிருக்கும் ஆக்ஸிஜனையும் தீர்த்துவிடுகின்றன. வெப்பம் இத்தொல்லையை மிகுவிக்கிறது. 20° செ. வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30° செ. வெப்பநிலையில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். அளவு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் அங்கே தங்க இயலாது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடா சுமார் 300 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்கழிமுகம். கோடைதோறும் அதன் ஆழப் பகுதிகளில் இந்நிலை ஏற்படுகிறது. நீரின் நிலையை இடைவிடாது அறிய, அந்நாட்டின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் 2007ஆம் ஆண்டில் அங்கே மிதவைகளை நிறுவத் தொடங்கியது. நங்கூரமிட்ட இம்மிதவைகள் சூரிய மின்சக்தியால் இயங்குகின்றன. காற்றின் வேகம், திசை, நீரின் வெப்பநிலை, உப்பு, ஆக்ஸிஜன், கலங்கல் ஆகியவற்றை அளந்து கரைக்கு அனுப்புகின்றன.

உப்பை அளப்பது எப்படி?

உப்பு நீரில் அயனிகளாகப் பிரிவதால் நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. உப்பு மிகுந்தால் கடத்துதிறனும் மிகும். ஆனால் வெப்பநிலை 1° செ. உயர்ந்தாலும் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடிவிடும்! நண்பகலில் நீர் 5° சூடேறினால், உப்பு சிறிதும் கூடாமலேயே கருவி 10 சதவீதம் அதிகம் காட்டும். எனவே கடத்துதிறனோடு வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான உப்பளவு கிடைக்கும்.

காற்றை ஏன் அளக்க வேண்டும்?

பலத்த காற்று நீரடுக்குகளைக் கலக்கி, ஆழத்துக்கு ஆக்ஸிஜனைக் கொண்டு சேர்க்கும். சில வேளைகளில் அதே காற்று மேல்நீரை ஒரு கரையிலிருந்து விலக்கித் தள்ள, ஆக்ஸிஜன் குறைந்த அடிநீர் அக்கரையில் மேலெழும். அப்போது நண்டுகள் மூச்சுக்குத் திணறிக் கரையோர ஆழமற்ற நீருக்கு ஓடிவரும். காற்றின் திசையை அறியாதவருக்கு இது புதிராகவே இருக்கும். ஆக, தனித்து நிற்கும் அளவு ஏமாற்றலாம். அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் புலப்படும்.

செய்து பாருங்கள்

கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் பாதியளவு நீர் எடுத்து, தாராளமாக உப்பைக் கரைத்துச் சில துளி மை விடுங்கள். நீரின் மேற்பரப்பில் கரண்டியைப் பிடித்து, அதன்மேல் நல்ல நீரை மெல்ல ஊற்றுங்கள். ஈரடுக்குகள் தெரியும். இப்போது ஒரு பக்கமிருந்து மேற்பரப்பின்மீது ஊதுங்கள். மைநீர் எந்தப் பக்கம் மேலேறுகிறது? அதற்குக் காரணம் என்ன? சிந்தியுங்கள்!