ரொட்டி விறைப்பது ஏன்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டு அவனில் சுட்ட ரொட்டி மறுநாளே விறைத்துப்போனால், அதிலிருந்த ஈரம் காற்றோடு போய்விட்டதே காரணம் என்று பெரும்பாலோர் நம்புகின்றனர். மீந்த ரொட்டியைப் பையிலிட்டு இறுகக் கட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும் வழக்கத்திற்கும் அந்த நம்பிக்கையே துணைநிற்கிறது. ஈர இழப்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் முதன்மைக் காரணம் அதுவன்று. காற்றுப் புகாமல் மூடி, ஈரம் வெளியேற வழியின்றி வைத்த ரொட்டியும் விறைக்கிறது என்பதையும், விறைத்ததை 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மீண்டும் இளகுகிறது என்பதையும் பிரெஞ்சு வேதியியலாளர் ஜான் பாப்டிஸ்ட் பூசிங்கோ 1852-இல் காட்டினார். உலர்வது மட்டுமே காரணமாக இருந்தால், சொட்டு நீரும் சேர்க்காமல் வெறும் சூட்டினாலேயே மென்மை திரும்பியிராது.

மாற்றம் நிகழ்வது மாவுச்சத்தில். கோதுமை மாவின் மாவுச்சத்து மணிகளுக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் மூலக்கூறுகள், அவனின் சூட்டில் நீரை உறிஞ்சி உப்பி, அந்த ஒழுங்கு குலைந்து கூழ்நிலை அடைகின்றன. ரொட்டி ஆறத் தொடங்கியதும் அவை சிறிது சிறிதாக மறுபடி ஒன்றையொன்று நெருங்கிப் படிகம்போல் இறுகுகின்றன. மீள்படிகமாதல் எனத்தக்க இந்த வினையில், நேர்ச்சங்கிலி வடிவான அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகி, ரொட்டியைத் துண்டு போடுவதற்கேற்ற உறுதியைத் தருகிறது. கிளைகளாகப் படர்ந்த அமைலோபெக்டின் நாள்கணக்கில் மெல்ல இறுகுவதே விறைப்பாக உணரப்படுகிறது. குளிரில் வைத்த சோறு விறைப்பதும் இதே வினையால்தான்; ஆவியில் வைத்ததும் அது இளகுவது இவ்வினை தலைகீழாவதால்.

உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் இவ்வினை மிக விரைவாக நிகழ்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் வழக்கமான 4 டிகிரி அந்த எல்லைக்குள்ளேயே அமைகிறது. ஆகவே மென்மையைக் காப்பதற்கென்று ரொட்டியை அதில் வைப்பது, காக்க நினைத்ததையே விரைந்து இழப்பதாக முடிகிறது. ஃப்ரீசரில் வைத்தால் ரொட்டி கெட்டுவிடும் என்ற அச்சமும் இதேபோல் தலைகீழானது. மைனஸ் 18 டிகிரியில் இவ்வினை ஏறக்குறைய நின்றுவிடுவதால், நன்கு ஆறிய ரொட்டியை அன்றைக்கே துண்டுகளாக்கி, காற்று படாமல் சுற்றி உறையவைத்து, வேண்டியபோது நேரே தோசைக்கல்லிலோ டோஸ்டரிலோ சூடாக்குவதே மிகச் சிறந்த முறை.

எனினும் குளிர்சாதனப் பெட்டியை நாடும் வழக்கம் முற்றிலும் காரணமற்றதன்று. விறைப்பது வேறு, கெட்டுப்போவது வேறு. புழுக்கம் மிகுந்த கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் ரொட்டி விறைப்பதற்கு முன்பே பூசணம் பிடித்துவிடுவதுண்டு. பூசணத்தைக் குளிர் தாமதப்படுத்தும் என்பதால், ஃப்ரீசர் வசதி இல்லாத வீட்டில் ஓரிரு நாளுக்கு மேல் வைக்க வேண்டிய ரொட்டிக்கு விறைப்பைப் பொறுத்துக்கொண்டு குளிரை ஏற்பது அறிவுடைமையே. பால் கிரீமோ கஸ்டர்டோ வைத்த கேக்கைக் குளிரில் வைப்பது கட்டாயம்.

சூடாகவே மூடிவைத்தால் மென்மை நிலைக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. உள்ளிருந்து எழும் ஆவி பையின் உட்புறத்தில் முத்துமுத்தாக வியர்த்து மேலோட்டைத் தோல்போல் இழுபடச் செய்வதோடு, பூசணத்திற்கும் இடம் தருகிறது. இதனினும் கவனிக்கத்தக்கது, மாவோடு வரும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியத்தின் வித்துக்கள் சுடுவதில் அழியாமல் தப்புவது. அவன் எவ்வளவு சூடாயினும் ரொட்டியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. வெம்மையும் ஈரமும் நீடித்தால் தப்பிய வித்துக்கள் முளைத்துப் பெருகி, பழுத்த பழத்தின் வாடையை எழுப்புவதோடு, பிட்டுப் பார்த்தால் உட்பகுதி பசைநூலாக இழுபடும்படி ஆக்கிவிடுகின்றன. புளிப்பேறிய மாவில் இவை எளிதில் வளர்வதில்லை.

பிஸ்கட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. ஈரம் மிகக் குறைவான அதில் உள்ள சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அது நமுத்துப்போகிறது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும் சேர்ந்த தூத்துக்குடி மக்ரூனைத் திறந்து வைத்தால் மொறுமொறுப்பு போய் ஒட்டிக்கொள்வதும் இதனாலேயே. ரொட்டியையும் பிஸ்கட்டையும் ஒரே டப்பாவில் இட்டால் ரொட்டியின் ஈரம் பிஸ்கட்டுக்குச் சென்று இரண்டும் கெடும்.

பூசணம் தெரியும் இடத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்ற நம்பிக்கையை அடியோடு கைவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பச்சையும் கறுப்பும் பூஞ்சையின் வித்துப் பகுதி மட்டுமே. அதன் நுண்ணிழைகள் துளைகள் நிறைந்த ரொட்டிக்குள் நிறமின்றி ஓடியிருக்கும். சில பூஞ்சைகள் சுரக்கும் நச்சு, டோஸ்ட் செய்யும் சூட்டிலும் முழுமையாக அழியாது. அத்தகைய ரொட்டியை முழுவதுமாக எறிந்துவிட்டு, அது இருந்த டப்பாவையும் கழுவி வெயிலில் உலர்த்திய பிறகே அடுத்த ரொட்டியை அதில் வைக்க வேண்டும்.