உப்புக் காற்றுக்கு எந்த வண்டி?

மரக்காணம் உப்பளம் ஒன்றில் பத்து வருடம் கணக்கு எழுதியவர் அவர். புதுச்சேரியில் வேலை கிடைத்ததும் முதல் காரியமாக வண்டியை மாற்றினார். "தினம் போக வர எழுபது கிலோமீட்டர். சின்ன வண்டி தாங்குமான்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. எனக்கும் பெரிய வண்டி மேல ஆசை" என்கிறார். வாங்கியது 350 சிசி. எடை 200 கிலோவை நெருங்கும். இரண்டே வருடத்தில் அதை விற்றுவிட்டார். இப்போது போய்வருவது 100 சிசி வண்டியில்.

அவர் போகும் பாதைக்கு இரண்டு குணம். கிழக்கு கடற்கரைச் சாலையில் அனுமந்தை, கூனிமேடு தாண்டிக் காலாப்பட்டு வரை கடைசி கியரிலேயே போகலாம். கோட்டக்குப்பத்தைத் தொட்டதும் எல்லாம் மாறிவிடும். சிவாஜி சிலையிலிருந்து முத்தியால்பேட்டை வழியாகப் போனாலும் சரி, ராஜீவ் காந்தி சிலைப் பக்கம் திரும்பினாலும் சரி, முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவிலேயே நேரம் கழியும். கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு வீங்கியது. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே இரண்டு காலையும் ஊன்றி 200 கிலோவைத் தள்ளி நகர்த்துவது நாற்பது வயதுக்காரருக்கு லேசான வேலை இல்லை. எடையை ஷோரூமில் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 100 சிசி வண்டியான ஸ்பிளெண்டர் 112 கிலோ. நெரிசலில் அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும்.

பெட்ரோல் கணக்கை அவரே போட்டுக் காட்டினார். மாதம் 26 நாள் என்றால் 1,820 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 கொடுத்த வண்டி 52 லிட்டர் குடித்தது. 60 கொடுக்கும் வண்டிக்கு 30 லிட்டர் போதும். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் காலாப்பட்டு பங்கில் டேங்கை நிரப்பிக்கொள்கிறார்; அது தனி மிச்சம்.

ஆனால் பெரிய வண்டியை அவர் விற்றதற்கு எடையோ பெட்ரோலோ முதல் காரணம் இல்லை. செயின்தான்.

அந்த வண்டியில் செயினின் மேல் பகுதிக்கு மட்டும்தான் மூடி. வாங்கிய முதல் கோடையிலேயே செயின் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. கையால் மடக்கிப் பார்த்தால் சில கண்ணிகள் மடங்கவே இல்லை. காரணம் உப்பு. மழை ஓய்ந்து ஜனவரியில் உப்பளங்களில் பாத்தி கட்டத் தொடங்கினால் புரட்டாசி வரை உப்பு வாருவார்கள். லாரிகளிலிருந்து சிந்தும் உப்பு சாலையோரம் வெள்ளையாகக் கிடக்கும், டயர் அதை வாரி அடியில் அடிக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். சுத்திகரிக்காத உப்பில் மக்னீசியம் இருப்பதால் அது அதற்கும் முன்பே கசியத் தொடங்கிவிடும். கடலோர ராத்திரிகளில் இந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மழையே பெய்யாமல், நிறுத்தி வைத்த வண்டி நனைகிறது. அதுவும் உப்புத் தண்ணீரில்.

இப்போதைய வண்டியில் செயின் முழுக்கத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன ரப்பர் மூடி. அதைப் பிடுங்கிவிட்டு விரலை நுழைத்துச் செயினை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கிறார். ஏறக்குறைய ஓரங்குலம் ஆட வேண்டும். விரலை வெளியே எடுத்துக் காட்டினார். கறுப்பு எண்ணெய்தான் ஒட்டியிருந்தது, துரு இல்லை. அழகில்லை என்று இளைஞர்கள் ஒதுக்கும் இந்தத் தகரப் பெட்டிதான் இந்தக் கரையில் ஒரு வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கம்பி வீலா, அலாய் வீலா என்று கேட்டால் யோசிக்காமல் அலாய் என்கிறார். ஸ்போக் கம்பிகள் ரிம்மோடு சேரும் இடத்தில் துரு பிடித்தால் கம்பியைத் திருகி இறுக்கவே முடியாது. ட்யூப்லெஸ் டயரும் கிடைத்துவிட்டால் காற்று சட்டென்று இறங்காது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு கார்பரேட்டர் போய் சென்சார்கள் வந்திருக்கின்றன. ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்தால் வண்டி திணறும். சர்வீஸின்போது அந்த இடங்களுக்கு கிரீஸ் வைக்கச் சொல்ல வேண்டும்.

கழுவுவதிலும் ஒரு பாடம் கற்றிருக்கிறார். தினமும் வீட்டு போர் தண்ணீரில்தான் கழுவிவந்தார். அந்தத் தண்ணீரே உப்பு! இப்போது இரண்டு குடம் குடிதண்ணீர், அடிப்பாகத்துக்கு மட்டும்.

சின்ன வண்டிக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திறந்தவெளியில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, எதிரே பஸ் கடந்தால் ஒரு முழம் தள்ளும். பின்னால் ஆள் ஏற்றித் தினமும் இவ்வளவு தூரம் போகிறவர் 125 சிசி எடுப்பதே நல்லது. செயின் மூடி முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 125 சிசி வரை சிபிஎஸ் (இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிப்பது) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), அதற்கு மேல் ஏபிஎஸ் என்பது 2019 ஏப்ரலில் கட்டாயமானது. உப்பும் மணலும் சிதறிய சாலையில் சடன் பிரேக் போட நேர்ந்தால் சக்கரம் பூட்டிச் சறுக்காமல் இருக்க ஏபிஎஸ் உதவும். அதற்காக மேலே போவதா, எடைக்காகக் கீழே நிற்பதா என்பதை அவரவர் பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மகளுக்குக் காலாப்பட்டில் கல்லூரி. அவளுக்கு ஸ்கூட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெல்ட் உள்ளே மூடியிருப்பதால் செயின் கவலை இல்லை. ஷோரூமுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் எடுத்துப் போகிறார். பாடியில் ஒட்டினால் தகரம், ஒட்டாவிட்டால் துருப்பிடிக்காத பிளாஸ்டிக். பிறகு தரையில் உட்கார்ந்து சைலன்சரின் அடியையும் ஸ்டாண்ட் இணைப்பையும் பார்க்கிறார். வடகிழக்கு மழைக்கு முன் வண்டியை எடுத்து, முதல் வாரமே அடிப்பாகத்துக்கு கோட்டிங் அடித்துவிட வேண்டும் என்பது திட்டம்.