பொடித்தாலும் சர்க்கரை சர்க்கரையே

‘கேக்கில் சேர்த்தது மாவு போன்ற சர்க்கரைதானே, அது அவ்வளவு கெடுதல் செய்யாதல்லவா?’ என்று நீரிழிவு உள்ளோரின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான ஐயமே.

சர்க்கரையின் வேதிப்பெயர் சுக்ரோஸ். நாம் காப்பியில் இடும் பரல் சர்க்கரையும், நுண்பரல்களாலான கேஸ்டர் சர்க்கரையும், மாவாய் அரைத்த ஐசிங் சர்க்கரையும் அடிப்படையில் ஒரே பொருள். கட்டியாகாதிருக்க ஐசிங் சர்க்கரையில் சிறிது சோளமாவு கலப்பர், அதுவும் மாவுச்சத்தே. எதுவாயினும் 1 கிராம் ஏறத்தாழ 4 கலோரி தரும்.

நுண்மையால் மாறுவது சமையல் இயல்பு மட்டுமே. வெண்ணெயுடன் அடிக்கும்போது நுண்பரல்கள் நிறைய காற்றுக்குமிழ்களை உண்டாக்குவதால் கேக் மென்மையாக எழும்புகிறது. குளிர்ந்த எலுமிச்சைச் சாற்றிலும் அவை விரைந்து கரைகின்றன. எச்சரிக்கை தேவைப்படுவது இங்கேதான். குளிர்ச்சி இனிப்புச் சுவையை மங்கச் செய்வதால் நாம் மேலும் ஒரு கரண்டி சேர்க்கிறோம். கரைந்துவிட்ட சர்க்கரையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கரண்டிக் கணக்கை விட எடைக் கணக்கே நம்பத்தக்கது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், சேர்க்கும் சர்க்கரையுடன் தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையையும் கூட்டி 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டுதல். நீரிழிவு உள்ளோர் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

சர்க்கரையே மருந்தாகும் வேளையும் உண்டு. இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றினால், அல்லது இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். பரல் சர்க்கரையாயின் இது 3 தேக்கரண்டி நிறைய வரும். பொடித்தது எடை குறைந்ததாதலால் கூடுதலாக வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறவில்லையெனில் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் உணவு அளியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

பலர் அறியாத செய்தி ஒன்று: அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகள் சுக்ரோஸ் செரிப்பதைத் தாமதப்படுத்தும். அவற்றை உட்கொள்வோருக்கு இந்நிலையில் சர்க்கரை எவ்வளவு நுண்ணியதாயினும் விரைந்து உதவாது. குளுக்கோஸ் தூளே உதவும். இன்றே மருந்துச் சீட்டைப் பாருங்கள். அப்பெயர்கள் இருப்பின், ஒரு பெட்டி குளுக்கோஸ் தூளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, வீட்டிலுள்ள அனைவருக்கும் அதனைக் காட்டிவிடுங்கள்.