துப்பாக்கி சுடும் பிள்ளைக்கு எந்தக் கண்ணாடி?

"பையன் துப்பாக்கி சுடப் பழகுறான். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கோம். அது போதும்தானே டாக்டர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். போதாது!

புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டாரே, அந்த 'டிராப்' போட்டியையே எடுத்துக்கொள்வோம். 11 செ.மீ. அகலமுள்ள தட்டு ஆகாயத்தில் பறக்கும். குண்டு பட்டதும் சிதறும். அந்தச் சில்லு கண்ணில் படலாம். வெடிமருந்துத் துகளும் தெறிக்கலாம். அதனால்தான் சர்வதேச விதிகளும் உடையாத கண்ணாடி அணியும்படி வலியுறுத்துகின்றன.

கண்ணாடியில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை:

1. அடி தாங்குமா? சாதாரணக் கண்ணாடி வில்லை உடைந்தால் அதுவே கண்ணைக் கிழித்துவிடும். 'பாலிகார்பனேட்' வில்லை கேட்டு வாங்குங்கள். 'இசட்87+' என்ற அமெரிக்க முத்திரை இருந்தால், வேகமாக வந்து மோதும் பொருளையும் தாங்கும் என்று அர்த்தம். பக்கவாட்டையும் மறைக்க வேண்டும். பவர் உள்ளவர்கள் இதே வில்லையில் பவர் போட்டுக்கொள்ளலாம்.

2. புற ஊதாக் கதிரைத் தடுக்குமா? 'யு.வி. 400' என்று இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தாலே கதிரைத் தடுக்கும் என்று நினைப்பது தப்பு. இருட்டில் கண்ணின் பாவை விரியும். தடுப்பில்லாத கறுப்புக் கண்ணாடி போட்டால், விரிந்த பாவை வழியே கதிர் தாராளமாக உள்ளே போகும். வருஷக்கணக்கில் இப்படிக் கதிர் பட்டால் கண்புரைக்கு வழி வைக்கும்.

3. நிறம் என்ன? உச்சி வெயிலுக்குச் சாம்பல், மேகமூட்டத்துக்கு மஞ்சள். பச்சை மரங்களுக்கு முன்னால் பறக்கும் ஆரஞ்சுத் தட்டு பளிச்சென்று தெரிய இளஞ்சிவப்பு உதவும்.

கடையிலேயே போட்டுப் பாருங்கள். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைப்பதுபோலத் தலையைச் சாய்த்து நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபிரேமின் மேல்விளிம்பு பார்வையை மறைத்தால் வேறு ஃபிரேம் எடுங்கள்.

பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்கு நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் பறந்து வரும் சில்லைக் கீரை தடுக்காது.

தப்பித் தவறி அடிபட்டுவிட்டால் கண்ணைக் கசக்கக்கூடாது. குத்திய சில்லைப் பிடுங்கக்கூடாது. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் விடக்கூடாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். கண்ணை அழுத்தாமல் ஒரு சுத்தமான கிண்ணத்தால் மூடிக்கொண்டு, உடனே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எங்கள் வைத்தியமா, உங்கள் வைத்தியமா என்று யோசிக்கிற நேரம் அதுவல்ல.