ஜெயிச்சது யாரை? கீழக்குயில்குடியில் ஒரு சொல் ஆராய்ச்சி

மேட்ச் முடிஞ்சதும் கிரவுண்டுல யாராவது ‘நாம் வென்றுவிட்டோம்’னு கத்திக் கேட்டிருக்கீங்களா? வாய்ப்பே இல்லை. ‘ஜெயிச்சுட்டோம்டா!’ தான். ‘வெல்’ என்ற வினைச்சொல் பேச்சுத் தமிழை விட்டு எப்பவோ கிளம்பிப் போயிடுச்சு. நில் என்பது ‘நின்னான்’ ஆச்சு, கொல் என்பது ‘கொன்னான்’ ஆச்சு. அதே கணக்குப்படி வெல் என்பது ‘வென்னான்’னு வந்திருக்கணும், வரலை. இதுல வேடிக்கை, யாராவது நல்லாப் பாடினாலோ ஆடினாலோ ‘கொன்னுட்ட மச்சி’ன்னு பாராட்டுறோம். கொல் உயிரோட இருக்கு, வெல்லைத்தான் காணோம்.

ஆனா ‘வெற்றி’ங்கிற பெயர்ச்சொல் நல்லா வாழுது. வாடிவாசல்ல காளை யார் கையிலயும் சிக்காம ஓடினா மைக்குல ‘மாடு வெற்றி’தான். தேர்தல் செய்தியில ‘வெற்றி பெற்றார்’. அதனால முதல்ல இந்தச் சொல்லைப் பிரிச்சுப் பார்த்துடுவோம். வெல் + தி = வெற்றி. ல்-க்குப் பின்னாடி த் வந்தா ரெண்டும் சேர்ந்து ற்ற ஆகும், கல் + தூண் = கற்றூண் ஆன மாதிரி. பழைய நூல்கள்ல ‘வென்றி’ன்னும் வரும். அது ‘வென்றான்’ பக்கத்து உருவம், நல் என்பதிலிருந்து ‘நன்றி’ வந்த அதே வழி. (வெற்றிலைக்கும் வெற்றிக்கும் உறவு இல்லை. அது வெறு + இலை. பூ, காய்னு எதுவும் சாப்பிடக் கிடைக்காத, வெறும் இலை மட்டும் பயன்படுற கொடின்னு விளக்கம் சொல்வாங்க. வெற்றிடம், வெற்றுத்தாள் எல்லாம் அந்தக் குடும்பம்.)

சரி, நம்ம வாய்ல புழங்குற ‘ஜெயி’ எங்கிருந்து வந்தது? சமஸ்கிருதத்துல ‘ஜி’ன்னு ஒரு வேர். ஒரே எழுத்து. பொருள்: வெல். அதிலிருந்து ‘ஜய’. தமிழுக்கு வந்ததும் ‘ஜயம்’ ‘ஜெயம்’ ஆச்சு, ஜன்மம் ஜென்மம் ஆன மாதிரி. அப்புறம் ஒரு ‘இ’ சேர்த்து வினையாக்கிட்டோம்: யோசனை - யோசி, ஜபம் - ஜபி, ஜெயம் - ஜெயி. கிரந்த எழுத்து வேண்டாம்னு நினைச்சவங்க ‘சயம்’, ‘செயம்’னு எழுதினாங்க. கலிங்கத்துப்பரணி பாடியவர் பேர் சயங்கொண்டார். அரியலூர் மாவட்டத்து ஊர் ஜெயங்கொண்டம். ராஜராஜ சோழனுக்கு ஜயங்கொண்ட சோழன்னு ஒரு பட்டப்பெயர் இருந்தது. தொண்டை மண்டலத்துக்கே அந்தப் பேரை வச்சாங்க.

ரசிகர் சண்டை போடுறவங்களுக்கு ஒரு தகவல். விஜய் என்றால் வி + ஜய, சிறப்பான வெற்றி. அஜித் என்றால் அ + ஜித, வெல்லப்படாதவன். ரெண்டும் ஒரே ‘ஜி’யிலிருந்து வந்தவை. இந்திரனை ஜெயிச்சதால ராவணன் மகனுக்கு இந்திரஜித்துன்னு பேர். அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒரே வீட்டுப் பிள்ளைங்க, வெளியில அடிச்சுக்கிறாங்க.

அந்த வீட்டுல மூத்த பிள்ளை ஒருத்தர் இருக்கார். அவரைப் பார்க்க மதுரையிலிருந்து தேனி ரோட்டுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகணும். நாகமலை புதுக்கோட்டை பக்கம் திரும்பினா கீழக்குயில்குடி. அய்யனார் கோயில், தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அதுக்குப் பின்னாடி மொட்டையா ஒரு பாறை மலை. ஊர்ல அதுக்குப் பேர் சமணர் மலை.

மலையின் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு. புடவுன்னா குகை. குகை வாசலை ஒட்டி, வெளிப்பாறையில பெரிய அளவுல ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். தலைக்கு மேல முக்குடை, ரெண்டு பக்கமும் சாமரம் வீசுறவங்க, கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. மகாவீரர்னு சொல்வாங்க. நீளமான காது, நிறைஞ்ச முகம், அசையாத உட்காரல். இதைப் பார்த்த ஊர்க்காரங்க ‘செட்டியார்’னு பேர் வச்சுட்டாங்க. அப்படித்தான் குகையும் செட்டிப்புடவு ஆச்சாம்.

அவரோட மரபுப் பேர் ஜினர். அதே ‘ஜி’. ‘ஜித’ன்னா வெல்லப்பட்டது, ‘ஜின’ன்னா வென்று முடித்தவர். ஜினரைப் பின்பற்றுறவங்க ஜைனர். வென்றவர்னு பேர் வச்ச ஆளை எப்படிச் செதுக்குவாங்கன்னு நாம எதிர்பார்ப்போம்? வாள், குதிரை, காலடியில ஒரு எதிரி. இங்க ரெண்டு கையும் மடியில ஒண்ணு மேல ஒண்ணா கிடக்குது.

அப்படியே உள்ளே போய் குகைக் கூரையைப் பாருங்க. வரிசையா ஐந்து புடைப்புச் சிற்பங்கள். முதல்ல இருக்கிறது ஒரு போர்க்காட்சி. சிங்கத்து மேல ஒரு பெண் தெய்வம், கையில ஆயுதங்கள், எதிரே யானை மேல ஒரு வீரன். நமக்குத் தெரிஞ்ச வெற்றி இது. சிங்கம் யானையைத் தாக்குற வேகம் இத்தனை நூற்றாண்டுக்கு அப்புறமும் கல்லுல நிக்குது. ஆனா அது உள்ளே, நிழல்ல, சின்ன அளவுல. வெளியே வெளிச்சத்துல பெருசா வச்சது கையை மடியில வச்ச ஆளை. 9, 10ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் இதை யோசிக்காம செஞ்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணலை.

அப்ப அவர் ஜெயிச்சது யாரை? ஜைன மரபு நாலு பேரைக் கைகாட்டும்: கோபம், கர்வம், வஞ்சகம், பேராசை. ‘கஷாயம்’னு அதுக்குப் பேர். உயிர்ல பிசினாட்டம் ஒட்டி, வினையை இழுத்துட்டு வர்ற கறைகள். அதைக் கழுவி முடிச்சவர்தான் ஜினர். இதுல தமிழ் எழுத்து ஒரு விளையாட்டுக் காட்டுது. கிரந்தம் இல்லாம எழுதினா ஜினன் ‘சினன்’ ஆயிடும். சிலப்பதிகாரத்துலயே அருகனோட பெயர்கள்ல ‘சினவரன்’னு ஒண்ணு உண்டு. சினத்தை வென்றவருக்குச் சினம்னே தொடங்குற பேர்! ரெண்டுக்கும் வேர் வேற வேற. ஒலி மட்டும்தான் ஒத்துப்போகுது.

இந்த மாதிரி ஒலி ஒற்றுமையில ஏமாந்துடக் கூடாதுங்கிறதுக்கு இன்னொரு உதாரணம் ‘அருகன்’. மூலச் சொல் ‘அர்ஹத்’, தகுதி உடையவர்னு பொருள். ஆனா பின்னாடி ‘அரிஹந்த’ன்னு பிரிச்சு, அரி என்றால் பகைவன், ஹந்த என்றால் கொன்றவன், ஆக உள்பகையை அழித்தவர்னு விளக்கம் சொன்னாங்க. மொழியியல் கணக்குல இது தப்பு. பக்தர்கள் எதை முக்கியம்னு நினைச்சாங்கன்னு தெரிஞ்சுக்க மட்டும் உதவும்.

‘சமணர்’ விஷயம் வேற. அது வெற்றிச் சொல்லே இல்லை. ‘ச்ரமண’ன்னா பாடுபடுகிறவர், தவத்துல உடம்பை வருத்துகிறவர். நாம தினமும் சொல்ற ‘ரொம்ப சிரமம்’ இருக்கே, அந்தச் சிரமமும் சமணரும் ஒரே வேர். ஆக மலைக்கு ஊர் வச்ச பேர் பாடுபட்டவங்களைச் சொல்லுது, மலையில உட்கார்ந்திருக்கிறவர் பேர் ஜெயிச்சவரைச் சொல்லுது.

மலையில இன்னும் மேலே ஏறினா பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, பக்கத்துப் பாறையில வரிசையா எட்டுச் சிற்பங்கள். அதுல பாகுபலி இருக்கார். 2015ல வந்த படத்து ஹீரோ இல்லை, அவருக்குப் பேர் கொடுத்தவர். கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: அண்ணன் பரதனுக்கும் தம்பி பாகுபலிக்கும் ராஜ்யத்துக்காகச் சண்டை. படைகள் எதுக்குச் சாகணும்னு ரெண்டு பேர் மட்டும் மோதுறாங்க. கண் இமைக்காம பார்க்கிற போட்டி, தண்ணீர்ப் போட்டி, மல்யுத்தம். மூணுலயும் பாகுபலிக்குத்தான் ஜெயம். ஜெயிச்ச நிமிஷத்துல ராஜ்யத்தை அண்ணன்கிட்டயே விட்டுட்டுக் காட்டுக்குப் போயிடுறார். கால்ல கொடி படரும் வரைக்கும் நின்னு தவம். அப்பவும் முழு ஞானம் வரலை, ஏன்னா உள்ளுக்குள்ள கர்வம் மிச்சம் இருந்தது. அதையும் விட்ட பிறகுதான் கிடைச்சதாம். அண்ணன்கிட்ட மூணு ரவுண்டு, அந்தக் கர்வத்துகிட்ட இன்னும் ஒரு ரவுண்டு.

‘இதெல்லாம் வடக்கிலிருந்து வந்த யோசனை, தமிழ்ல வெற்றின்னா போர்தான்’னு யாராவது சொன்னா தொல்காப்பியத்தை எடுத்துக் காட்டுங்க. வாகைப் பூ சூடுறது வெற்றிக்கு அடையாளம், அதனால அந்தத் திணைக்கு வாகைன்னு பேர். நாம மனப்பாடம் செஞ்சது ‘வாகை = போரில் வென்றவன் பூச்சூடுதல்’. தொல்காப்பியத்தின் வாகை அதைவிட அகலம். அவரவர் தம் இயல்பில், தம் தொழிலில் மற்றவரை மிஞ்சி நிற்பது எல்லாமே வாகைதான். அந்தப் பட்டியல்ல அரசர், பொருநர் கூடவே அறிவனும் வர்றார், தவம் செய்யும் தாபதரும் வர்றார். செட்டிப்புடவில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தமிழ் இலக்கணத்துலயும் வெற்றிப் பக்கத்துல இடம் உண்டு.

இன்னொரு வெற்றியையும் இங்க பேசாம விட முடியாது. மதுரையில சமணர்கள் தோற்ற கதை. திருஞானசம்பந்தரோட அனல்வாதம், புனல்வாதம் செஞ்சு தோத்து, 8000 பேர் கழுவேறினாங்கன்னு 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் சொல்லுது. திருவிளையாடற் புராணக் கதைப்படி சமணர்கள் மதுரை மேல ஏவின யானையும் பாம்பும் பசுவும்தான் யானைமலை, நாகமலை, பசுமலையா ஆச்சு. கீழக்குயில்குடியில நின்னா நாகமலை கண்ணுக்கு எதிர்லயே நீளமா படுத்திருக்கும்.

சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. இப்ப பேச்சிப்பள்ளத்துக் கல்வெட்டுகளைப் பாருங்க: 9, 10ஆம் நூற்றாண்டு. தோத்து ஒழிஞ்சதா சொல்லப்படுறவங்க, 200 வருஷம் கழிச்சு இங்க சிற்பம் செதுக்கிட்டு இருக்காங்க. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியிலிருந்து வந்த துறவிகள், அவங்க மாணாக்கர்கள் பேரெல்லாம் கல்லுல இருக்கு. அச்சணந்தின்னு ஒரு பெரிய துறவி, தமிழ்நாட்டுல பல குன்றுகள்ல அவர் பேர் வெட்டியிருக்கும். இங்க ஒரு சிற்பத்தைச் செய்ய வச்சது அவரோட அம்மா குணமதியார். மேலே மாதேவிப் பெரும்பள்ளின்னு ஒரு கோயிலே இருந்தது. இப்ப அதோட அடித்தளம்தான் மிச்சம்.

இந்தக் காலக்கணக்கை வச்சுக் கழுவேற்றமே நடக்கலைன்னு நான் சொல்ல வரலை. அதுக்கு இந்த மலை சாட்சி சொல்லாது. ‘முழுசா ஜெயிச்சாச்சு, எதிராளி காலி’ன்னு சொல்ற கதைக்கு மட்டும் இந்த மலை ஒத்து வராது. அதுக்கப்புறமும் ஒரு அம்மா தன் கைப்பொருளைச் செலவழிச்சு, ஜெயிச்சவர்னு பேர் கொண்ட ஒருத்தரை இந்தப் பாறையில செதுக்க வச்சுட்டுத்தான் போயிருக்காங்க.

போறவங்க கவனத்துக்கு: படி ஏறும்போது வெயிலுக்கு ஒதுங்க மரம் கிடையாது, அதனால காலையிலேயே போயிடுங்க. செட்டிப்புடவுல உள்ளே நுழைஞ்சதும் தலையைத் தூக்கினாத்தான் சிங்கமும் யானையும் தெரியும். நேராப் பார்த்துட்டுத் திரும்பிடுறவங்கதான் அதிகம்.