கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

மரச்சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள் என்பதுதான். மேலே பளபளப்பது பாலிஷ். மரமும் வேலையும் அடியில்தான் தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பேரப்பிள்ளைகள் காலம்வரை வீட்டில் இருக்க வேண்டிய பொருள் அது.

கவிழ்த்ததும் தேட வேண்டியது வெள்ளையை. மரத்தின் நடுப்பகுதி வைரம். அதைச் சுற்றி வெளிறிப்போய் இருப்பதைத் தச்சர்கள் வெள்ளை என்பார்கள். தேக்கின் எண்ணெய்ப் பசையும் கரையானை அண்டவிடாத குணமும் வைரத்துக்குத்தான் உண்டு. வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு அதைத் தேடி வந்து முட்டையிடும். ‘முழுக்கத் தேக்கு’ என்று கடைக்காரர் சொல்வது பொய்யாக இருக்காது, வெள்ளையும் தேக்குதானே! சாயம் ஏற்றி முன்பக்கத்தை ஒரே நிறமாக்கிவிடுவார்கள். அடிச்சட்டத்திலும் டிராயரின் பின்பலகையிலும் அந்தச் சிரத்தை இருக்காது, அங்கே குட்டு உடைந்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கட்டிலில் குண்டூசி முனையளவு துளைகள் தெரிந்தால் பதற வேண்டாம். கீழே கொட்டியிருக்கும் மாவைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சில நாள் பாருங்கள். அதே இடத்தில் மறுபடி மாவு கொட்டியிருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கலாம். துளைக்குள் மருந்து செலுத்தி மெழுகால் அடைக்க வேண்டும். மாவு இல்லையென்றால் அது அநேகமாகப் பழைய காயம்.

‘பர்மா தேக்கு’ என்ற பெயருக்கே தனி விலை வைக்கிறார்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. மரவாடிகளுக்கு இன்று ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் தோட்டத் தேக்கு ஏராளமாக வருகிறது. தோட்டத் தேக்கு என்பதாலேயே அது மட்டமாகிவிடாது. நிலம்பூரில் 1840களில் கலெக்டர் கானலியின் முயற்சியில் சாத்து மேனன் வளர்த்ததும் தோட்டத் தேக்குதான். அந்த மரங்களில் சில இன்றும் வானளாவ நிற்கின்றன. வயதுதான் முக்கியம். இளமரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. ஆகவே மரத்தின் ஊரை விசாரிப்பதைவிட வைரத்தின் அகலத்தைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், இடித்த வீட்டு மரத்துக்கு ஈடு இல்லை. உத்தரமாகவும் நிலையாகவும் பல்லாண்டு கிடந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்த மரம் அது. உள்ளே ஒரு ஆணி மறைந்திருந்தாலும் ரம்பம் பல் போய்விடும் என்பதால் மில்லில் தயங்குவார்கள். ஆணிகளைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டால் அறுத்துத் தருவார்கள். செய்து முடித்த பழைய சாமானே வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் ஒரு நாள் சுற்றலாம். புதுப் பாலிஷ் போட்டு வைத்திருப்பதைவிட, அழுக்கோடு இருப்பதை எடுப்பதே என் வழக்கம். விரிசலும் ஒட்டும் அப்படியே கண்ணில் படும்.

மரத்துக்கு அடுத்தது மூட்டு. நாற்காலியின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் துளையிட்டு இறக்கியிருந்தால் அசையாது. பின்னாளில் ஆட்டம் கண்டாலும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுத் திரும்ப இறுக்கலாம். ஆணி அடித்து ஒட்டியதில் அந்த வழி இல்லை. அழுத்திய மரத்தூள் பலகையில் திருகு ஒருமுறை பிய்ந்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி சரியாகப் பிடிக்காது. எங்கள் வீட்டுக்கு வரும் ஆசாரி சாமானைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி: “இதைக் கழட்ட முடியுமாம்மா?” நிலைக்கிற சாமானுக்கு இதைவிட நல்ல சோதனை நான் அறியேன். பிரிக்க முடிந்தால்தான் பழுது பார்க்கலாம், வீடு மாறும்போது படியில் இறக்கலாம்.

மேசைப் பலகையும் அடிச்சட்டமும் சேரும் இடத்தையும் பாருங்கள். பலகை மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். நல்ல தச்சர் திருகுத் துளையைச் சற்று நீள்வட்டமாக விடுவார். பசை போட்டு இறுக்கிய பலகை சித்திரை வெயிலில் நடுவே பிளக்கும்.

எல்லாமே தேக்காக இருக்க வேண்டியதில்லை. வேங்கை உறுதியான மரம். ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும், வெள்ளைத் துணி வைக்கும் அலமாரிக்கு ஆகாது. மருந்தேற்றிய ரப்பர் மரம் பிள்ளைகளின் படிப்பு மேசைக்குப் போதும், தண்ணீர் புழங்கும் இடத்துக்கு வேண்டாம். சமையலறைக்கு ஒட்டுப்பலகை என்றால் ஐஎஸ் 710 முத்திரையைப் பார்த்து வாங்கி, வெட்டிய ஓரங்களையும் மூடச் சொல்லுங்கள். நீர் ஏறுவது ஓரம் வழியாகத்தான்.

பராமரிப்பில் நான் கண்டிப்பாக இருப்பது தண்ணீர் விஷயத்தில். வீடு துடைக்கும் ஈரம் கால்களின் அடியில் ஏறித்தான் பல நல்ல கட்டில்கள் கெடுகின்றன. கால்களுக்கு ரப்பர் புஷ் போடுங்கள். இரும்பு பீரோவும் துருப்பிடிப்பது அடியிலிருந்துதான், அதையும் தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

ஐப்பசி மழையில் டிராயர் இறுகினால் உடனே இழைப்புளி போடச் சொல்லாதீர்கள். தையில் அதே டிராயர் லொடலொடக்கும். மெழுகுவர்த்தியை ஓரங்களில் தேய்த்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

பாலிஷில் அரக்குப் பாலிஷையே நான் விரும்புவேன். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், உண்மைதான். பஞ்சைத் துணியில் பொதிந்து, ஸ்பிரிட் சற்றே காட்டி, நிறுத்தாமல் லேசாக இழுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி ஏற்றலாம். கெட்டியான பியூ பாலிஷ் தண்ணீரைத் தாங்கும். ஆனால் ஓரிடத்தில் உரிந்தால் அந்தப் பலகை முழுவதையும் உப்புத்தாள் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். சாப்பாட்டு மேசைக்கு பியூ, மற்றதற்கெல்லாம் அரக்கு என்பது என் கணக்கு.

பிரம்பு நாற்காலியின் இருக்கை தொய்ந்தால் பின்னல் போய்விட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். அடிப்பக்கத்தைச் சுடுநீரில் பிழிந்த துணியால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிடுங்கள். காயும்போது பிரம்பு சுருங்கி இறுகும். முழுக்கக் காயும்வரை யாரும் உட்காரக் கூடாது. இழைகள் அறுந்திருந்தால்தான் பின்னல்காரரைத் தேட வேண்டும்.